அபரல்லக்தொஸ்: பிரித்தறிய முடியாததற்கு கிரேக்கர் வைத்த சொல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கிரேக்கத் தத்துவத்தையோ தொடக்கக்காலத் திருச்சபை வரலாற்றையோ சற்று ஆழமாகப் படிக்கப் போகிறவர்கள், என்றாவது ஒரு நாள் இந்தச் சொல்லில் தடுக்கி விழுவார்கள். நானும் விழுந்தவன்தான். என்னிடம் பலரும் கேட்ட கேள்விகளும், நானே என்னைக் கேட்டுக்கொண்ட சிலவும் கீழே இருக்கின்றன.

இதை எப்படி உச்சரிப்பது? சுருக்கமாக என்ன பொருள்?

அ-ப-ரல்-லக்-தொஸ். 'ப' என்பதைப் 'பழம்' என்பதில் வருவதுபோல வல்லோசையாகச் சொல்லுங்கள்; 'சபை' என்பதில் வரும் மெல்லிய ஒலி வேண்டாம். 'க்தொ' என்பதற்குப் 'பக்தி'யில் வரும் 'க்தி'யை நினைத்துக்கொண்டால் போதும். அழுத்தம் 'ர'வில்.

பொருள் இரண்டு. ஒன்று, மாறாதது. மற்றொன்று, இன்னொன்றிலிருந்து எவ்விதத்திலும் மாறுபடாதது. எனவே பிரித்தறிய முடியாதது. இதன் பெயர்ச்சொல் வடிவம் அபரல்லக்ஸியா. வேறுபாடின்மை என்று சொல்லலாம்.

சொல்லை உடைத்துக் காட்ட முடியுமா?

'அல்லொஸ்' என்றால் 'மற்றது', 'வேறு'. அதிலிருந்து பிறந்த வினை 'அல்லஸ்ஸோ': வேறாக்கு, மாற்று, பண்டமாற்றுச் செய். அதற்கு முன்னால் 'பக்கத்தில்', 'தாண்டி' என்று பொருள்படும் 'பரா' சேர்ந்தால் 'பரல்லஸ்ஸோ': விலகு, மாறி மாறி வா, வேறுபடு. எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் 'அ', நம் 'அநீதி', 'அசைவம்' ஆகியவற்றில் இருக்கும் வடமொழி 'அ'வுக்கு உடன்பிறப்பு. இல்லை என்று சொல்வது அதன் வேலை. ஆக, விலகல் இல்லாதது.

இங்கே தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. நம் 'மாறு' என்ற ஒரே வேரில் மாற்றம், பரிமாற்றம், மாறுபாடு மூன்றும் இருக்கின்றன. பால் நிறம் மாறுகிறது. பணம் கை மாறுகிறது. உன் கணக்கு என் கணக்கிலிருந்து மாறுபடுகிறது. கிரேக்க வேரும் இதே மூன்று வீடுகளில்தான் குடியிருக்கிறது.

அப்படியானால் 'மாறாத' என்று எல்லா இடத்திலும் போட்டுவிடலாமே?

போட்டுப் பார்த்து அவமானப்பட்டவன் சொல்கிறேன், கூடாது. பழங்காலக் கிறிஸ்தவ அறிஞர் ஒரிஜெனின் வரி ஒன்றை முதன்முதலில் மொழிபெயர்த்தபோது 'மாறாத சாக்ரடீஸ்' என்று எழுதி வைத்திருந்தேன். படித்த நண்பர், சாக்ரடீஸ் கொள்கை மாறாதவர் என்கிறாரா என்று கேட்டார். அந்த வரி பேசுவதோ, சாக்ரடீஸைப் போலவே அச்சு அசலாக இருக்கும் இன்னொரு ஆளைப் பற்றி!

ஒரு பொருளை அதன் நேற்றைய நிலையோடு ஒப்பிட்டால் 'மாறாதது'. பக்கத்தில் இருக்கும் வேறொரு பொருளோடு ஒப்பிட்டால் 'மாறுபடாதது'. கிரேக்கச் சொல் இரண்டுக்கும் முகம் கொடுக்கும். எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் தமிழைத் தொட வேண்டும்.

வாக்கியத்தில் எப்படி வரும்?

ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் ஒரே வடிவம்; அஃறிணைக்கு அபரல்லக்தொன். வினையடையாக வந்தால் அபரல்லக்தோஸ், 'தோ' நெடில். எதிலிருந்து பிரித்தறிய முடியவில்லையோ, அது பெரும்பாலும் நம் நான்காம் வேற்றுமைக்கு இணையான உருபோடு வரும். 'சாக்ரடீஸிலிருந்து' என்றில்லாமல் 'சாக்ரடீஸுக்கு அபரல்லக்தொஸ்' என்பார்கள். 'அவனுக்கு நிகர்', 'அவனுக்கு ஒப்பானவன்' என்று சொல்லும் நமக்கு இதில் விளக்கமே தேவையில்லை.

இந்தச் சொல் ஏன் இவ்வளவு புகழ்பெற்றது?

ஒரு சண்டையால். ஏதென்ஸில், பொது யுகத்துக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் தொடங்கி, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த சண்டை.

ஒரு பக்கம் ஸ்டோயிக்குகள். சைப்ரஸ் தீவின் கிதியம் நகரிலிருந்து வந்த ஸீனோ, ஏதென்ஸ் சந்தைவெளியின் ஓரத்தில் ஓவியம் தீட்டிய மண்டபம் ஒன்றில் பாடம் நடத்தினார். மண்டபத்துக்கு கிரேக்கத்தில் 'ஸ்டோவா', அதுவே பள்ளியின் பெயராயிற்று. மறுபக்கம் பிளேட்டோ நிறுவிய அகாதெமி. அதன் தலைமைக்கு வந்த ஆர்க்கெசிலாவோஸ், எதையும் உறுதியாக அறிந்ததாகச் சொல்லக் கூடாது என்ற பக்கம் பள்ளியைத் திருப்பினார்.

ஸீனோவின் கொள்கை இது. உலகம் நம் மனத்தில் பதிகிறது, மெழுகில் முத்திரை பதிவதுபோல. எல்லாப் பதிவுகளும் நம்பத்தக்கவை அல்ல. ஆனால் சில பதிவுகள் பொருளை அப்படியே பிடித்துக்கொண்டு வருகின்றன. அவற்றுக்கு ஸீனோ வைத்த பெயரில் 'பிடித்தல்' என்ற வேர் இருக்கிறது. 'கணக்கு இன்னும் பிடிபடவில்லை' என்கிறோமே, அந்தப் பிடி. ஸீனோ இதைக் கையாலேயே காட்டுவாராம், ரோமானிய எழுத்தாளர் சிசரோ விவரிக்கிறார். விரித்த உள்ளங்கையைக் காட்டி, 'பதிவு இப்படி' என்பார். விரல்களைச் சற்றே மடக்கி, 'ஒப்புக்கொள்ளுதல் இப்படி'. முஷ்டியாக மூடி, 'பிடிபடுதல்'. பிறகு இடது கையைக் கொண்டுவந்து அந்த முஷ்டியை இறுகப் பற்றிக்கொண்டு, 'இதுதான் அறிவு; இது ஞானிக்கு மட்டுமே உண்டு' என்பார்.

நம்பத்தக்க பதிவுக்கு என்ன இலக்கணம்? உண்மையில் இருக்கும் ஒன்றிலிருந்து வந்திருக்க வேண்டும். அது இருக்கிறபடியே பதிந்திருக்க வேண்டும். ஆர்க்கெசிலாவோஸ் இங்கேதான் விரலை வைத்தார். பொய்யான பதிவு ஒன்று உண்மையானதைப் போலவே, ஒரு மயிரிழை வேறுபாடும் இல்லாமல் வந்தால் என்ன செய்வீர்கள்? ஸீனோ உடனே மூன்றாவது நிபந்தனையைச் சேர்த்தார்: இல்லாத ஒன்றிலிருந்து வந்திருக்கவே முடியாத தன்மையும் அந்தப் பதிவுக்கு இருக்க வேண்டும்.

இந்த வாதங்களைப் பின்னாளில் எழுதிவைத்த ஐயவாதி செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ் இந்த மூன்றாவது நிபந்தனைக்குக் காரணம் சொல்லும்போது நம் சொல் வருகிறது. எல்லா வகையிலும் அபரல்லக்தொஸ் ஆன ஒரு பொய்ப் பதிவு கிடைக்கக்கூடும் என்று அகாதெமிக்காரர்கள் சொன்னார்கள். ஸ்டோயிக்குகள் அதை ஏற்கவில்லை. அதனால் சேர்த்தார்கள் என்கிறார். அன்றிலிருந்து சண்டை முழுவதும் இந்த ஒரு சொல்லின் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

முட்டை, இரட்டையர், பாம்பு என்று ஏதோ படித்தேன். அவை என்ன?

அகாதெமிக்காரர்கள் எறிந்த கற்கள். எனக்கு இந்தச் சண்டையிலேயே பிடித்த பகுதி.

இரண்டு முட்டைகளைக் காட்டி, பிறகு ஒன்றை மறைத்து ஒன்றை நீட்டுகிறேன். இது முன்பு காட்டியதா மற்றதா என்று, ஏமாறவே மாட்டார் என்று நீங்கள் சொல்லும் ஞானி பிழையில்லாமல் சொல்வாரா? இரட்டைச் சகோதரர்களில் ஒருவர் வந்து போகிறார், வந்தவர் எவர்? வளையிலிருந்து ஒரு பாம்பு தலை நீட்டிவிட்டு உள்ளே போகிறது. உள்ளே பல பாம்புகள் சுருண்டு கிடக்கின்றன. சற்று நேரம் கழித்து மறுபடியும் ஒரு தலை எட்டிப் பார்க்கிறது. அதே பாம்பா? செக்ஸ்டஸ் இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைக்கிறார்.

சிசரோ பொ.யு.மு. 45-இல் எழுதிய உரையாடலில் இன்னும் சில உண்டு. ஒரே மோதிரத்தால் மெழுகில் நூறு முத்திரை பதித்தால் எது எது என்று சொல்வாயா? அலெக்சாந்தரின் சிலைகளை வடித்த லைசிப்பஸ், அதே வெண்கலம், அதே கலவை, அதே உளி கொண்டு ஒரே மாதிரியான நூறு அலெக்சாந்தர்களைச் செய்திருக்க முடியாதா?

முத்திரை உதாரணத்தில் இருக்கும் குறும்பைக் கவனியுங்கள். மனத்தில் பொருள் பதிவதை விளக்க ஸீனோ பிடித்து வைத்திருந்தது மெழுகு முத்திரையைத்தான். அந்த மெழுகையே எடுத்து அவருடைய பள்ளியின் மேல் எறிகிறார்கள்.

ஸ்டோயிக்குகள் என்ன பதில் சொன்னார்கள்?

இரண்டு பதில்கள். முதலாவது பெரிய பதில், உலகத்தைப் பற்றியது. எந்த இரண்டு பொருளும் முற்றிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு மயிர் இன்னொரு மயிரைப் போல் எல்லா வகையிலும் இருக்காது. ஒரு தானியமணி இன்னொன்றைப் போல் இருக்காது. இது ஒரு துணிச்சலான பந்தயம். உலகில் உள்ள எல்லா மயிரையும் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னது போல! ரோமாபுரியின் செனெகா இதை ரசித்து எழுதியிருக்கிறார்: இத்தனை வகை இலைகளைப் படைத்த கைவினைஞன் ஒன்றிலும் திரும்பச் செய்யவில்லை, ஒன்றுபோல் தோன்றுபவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறாகின்றன.

இரண்டாவது பதில் பழக்கத்தைப் பற்றியது. எனக்கு இதுதான் வலுவாகப் படுகிறது. தாய்க்குத் தன் இரட்டைப் பிள்ளைகளைத் தெரியும். கண் பழகியிருக்கிறது. ரோமில் சர்விலியுஸ் குடும்பத்தில் பப்ளியுஸ், குயின்டஸ் என்ற இரட்டையர் இருந்தார்கள். சிசரோவின் உரையாடலில் ஸ்டோயிக் பக்கம் பேசுகிறவர் அவர்களைக் காட்டுகிறார். அவ்வளவு ஒன்றுபோல் இருந்தார்கள் என்பதற்காக இருவரும் ஒருவரே ஆகிவிட்டார்களா? வெளியில் அடையாளம் தெரியவில்லை, வீட்டில் தெரிந்தது. அந்நியருக்குத் தெரியவில்லை, சொந்தக்காரருக்குத் தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் இரட்டையர் இருந்தார்கள். ஆறு மாதம் ஆசிரியர்கள் முழித்தார்கள். நாங்கள் இரண்டாவது வாரத்திலேயே பின்னாலிருந்து நடையைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். அந்த ஆசிரியர்களைப் பொறுத்தவரை அவர்கள் அபரல்லக்தொஸ்; எங்களுக்கு இல்லை. அப்படியானால் வேறுபாடின்மை அந்தப் பையன்களிடம் இருந்ததா, ஆசிரியர்களின் கண்ணில் இருந்ததா?

அதுதான் என் கேள்வியும். சொல் பொருளைப் பற்றியதா, பார்ப்பவரைப் பற்றியதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

'பிரித்தறிய முடியாத' என்று தமிழில் எழுதும்போது நாம் ஒரு கண்ணை உள்ளே கொண்டுவந்து விடுகிறோம். பிரிப்பவர் யார், அறிபவர் யார் என்ற கேள்வி அந்தத் தொடரிலேயே இருக்கிறது. கிரேக்கச் சொல்லில் கண் கிடையாது. விலகல் இல்லை என்கிறது, அவ்வளவுதான். யாருக்கு என்று கேட்பதில்லை. கண் உள்ள சொல் கிரேக்கத்தில் தனியாக இருக்கிறது: அதியாக்ரிதொஸ். அதில் 'க்ரினோ', அதாவது பிரித்துத் தீர்ப்புச் சொல்லும் வினை, ஒளிந்திருக்கிறது.

கண் இல்லாததால்தான் சொல் வழுக்குகிறது. ஸ்டோயிக், 'உலகில் அபரல்லக்தொஸ் ஆன இரண்டு கிடையாது' என்கிறார். பொருள்களைப் பற்றிப் பேசுகிறார். அகாதெமிக்காரர் சிரிக்கிறார்: பொருள்கள் எப்படியோ இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு வேண்டியது பதிவுகள். இரண்டு முட்டைகளும் உள்ளுக்குள் ஆயிரம் வகையில் வேறுபடட்டும். அவை என் மனத்தில் விழுத்தும் இரண்டு பதிவுகளுக்கு இடையே வேறுபாடு இல்லை என்றால் போதும், உங்கள் ஞானி மாட்டிக்கொண்டார். ஒரே சொல்லை ஒருவர் முட்டையின் மேல் ஒட்டுகிறார், மற்றவர் பதிவின் மேல் ஒட்டுகிறார். சண்டை பல இடங்களில் இருட்டில் மோதுவது போல ஆவதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

பொ.யு.மு. 155-இல் ஏதென்ஸின் தூதராக ரோமுக்குப் போன கார்னியாடிஸ் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்த அகாதெமிக்காரர். உறுதி கிடைக்காவிட்டாலும் நம்பகமாகத் தோன்றுவதை வைத்து வாழலாம் என்று வழி சொன்னவர் அவர்.

யாராவது இதைச் சோதித்துப் பார்த்தார்களா?

பார்த்தார்கள், அதுவும் ஸ்டோயிக்குகளே தங்களுக்குள். தத்துவவாதிகளின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்த டயோஜனிஸ் லாயர்ஷியஸ் சொல்லும் கதை. ஸீனோவின் மாணவர் கியோஸ் தீவின் அரிஸ்டோன், ஞானி வெறும் அபிப்பிராயத்தில் இறங்கமாட்டார் என்ற கொள்கையில் பிடிவாதமாக இருந்தார். இன்னொரு மாணவரான பெர்சாயோஸுக்கு அந்தப் பிடிவாதம் பொறுக்கவில்லை. இரட்டையர்களில் ஒருவனை அனுப்பி அரிஸ்டோனிடம் பணத்தைக் கொடுத்து வைக்கச் சொன்னார். பிறகு மற்றவனை அனுப்பித் திரும்ப வாங்கிவரச் சொன்னார். அரிஸ்டோன் தடுமாறிப்போனார், வாதம் முடிந்தது. பணம் கடைசியில் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று கதை சொல்லாததில் எனக்கு வருத்தம்.

இன்னொரு ஸ்டோயிக்கான ஸ்பாயிரோஸ், எகிப்தில் தாலமி மன்னன் அவையில் இருந்தார். மன்னன் மெழுகில் செய்த மாதுளம்பழங்களை வைக்கச் சொன்னான். ஸ்பாயிரோஸ் ஏமாந்தார். பொய்யான பதிவை ஒப்புக்கொண்டுவிட்டீர் என்று மன்னன் கூவினான். ஸ்பாயிரோஸ் அசரவில்லை. 'இவை மாதுளை என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. மாதுளை என்று கருதுவது நியாயம் என்பதைத்தான் ஒப்புக்கொண்டேன்' என்றார். வழக்கறிஞர் வேலைக்குப் போயிருக்க வேண்டியவர்.

'அத்திக்கு அத்தி' என்பது என்ன?

கிரேக்கப் பழமொழி. கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் ஸ்டோயிக்குகளைக் கிண்டல் செய்யும் இடத்தில் வருகிறது. அகாதெமிக்காரர்கள் தங்கள் அபரல்லக்ஸியாக்களால் எல்லாவற்றையும் குழப்புகிறார்கள் என்று ஸ்டோயிக்குகள் குறைப்படுகிறார்களாம். புளூட்டார்க் திருப்பிக் கேட்கிறார்: புறாவுக்குப் புறா, தேனீக்குத் தேனீ, கோதுமைக்குக் கோதுமை, பழமொழி சொல்வது போல அத்திக்கு அத்தி ஒன்றுபோல் இருப்பதாகத்தானே எல்லாரும் ஆதியிலிருந்து நினைத்துவந்திருக்கிறார்கள்? குழப்புவது யார்?

சாக்ரடீஸ் மறுபடி பிறப்பார் என்று ஸ்டோயிக்குகள் சொன்னார்களா?

சொன்னார்கள். உலகம் காலந்தோறும் தீயில் ஒடுங்கி, மறுபடி அதேபோல் தோன்றும் என்பது அவர்கள் கொள்கை. அதே சாக்ரடீஸ், அதே வழக்கு, அதே நஞ்சுக் கோப்பை. நெமேசியுஸ் என்ற ஆயர் இதை விவரிக்கும்போது, மிகச் சிறிய விஷயங்கள் வரை எல்லாம் அபரல்லக்தோஸாக நடக்கும் என்று வினையடையாக எழுதுகிறார்.

ஒரிஜென் மூன்றாம் நூற்றாண்டில் இதைக் கையில் எடுத்துக்கொண்டு நன்றாகவே விளையாடுகிறார். இந்தக் கொள்கையின் விபரீதத்தைச் சரிசெய்யப் பார்க்கும் ஸ்டோயிக்குகள், திரும்பி வருபவர் சாக்ரடீஸே அல்லர் என்கிறார்களாம். சாக்ரடீஸுக்கு அபரல்லக்தொஸ் ஆன ஒருவர் வருவார். ஸாந்திப்பேவுக்கு அபரல்லக்தொஸ் ஆன ஒருத்தியை மணப்பார். அனிதோஸுக்கும் மெலேதோஸுக்கும் அபரல்லக்தொஸ் ஆனவர்கள் அவர்மேல் குற்றம் சாட்டுவார்கள். நான் 'மாறாத சாக்ரடீஸ்' என்று எழுதிக் கெடுத்த வரி இதுதான். வேறு சிலர் இன்னும் வெட்கப்பட்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ மிகச் சிறிய 'பரல்லகே', அதாவது மாறுபாடு, இருக்கும் என்று சொன்னதாகவும் எழுதுகிறார்.

இதில் ஸ்டோயிக்குகளுக்கு ஒரு நெருக்கடி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு முட்டைகூட ஒன்றுபோல் இருக்க முடியாது என்று சாதித்தவர்கள், இரண்டு முழு உலகங்கள் ஒன்றுபோல் இருக்கும் என்கிறார்கள். அவை ஒரே நேரத்தில் இருப்பதில்லை, அடுத்தடுத்துத்தான் வருகின்றன என்பது அவர்களுக்கு இருக்கும் ஒரே சந்து.

திருச்சபை வரலாற்றில் இந்தச் சொல் எங்கே வருகிறது?

325-இல் கூடிய நிக்கேயா சங்கத்தில். பிதாவுக்கும் குமாரனுக்கும் உள்ள உறவை எந்தச் சொல்லால் சொல்வது என்பது கேள்வி. குமாரன் படைக்கப்பட்டவர் என்று ஆரியுஸ் என்ற குருவின் பக்கத்தார் சொன்னார்கள். அவர்களால் வளைத்துப் பொருள் கொள்ள முடியாத சொல்லை ஆயர்கள் தேடினார்கள். குமாரன் பிதாவைப் போன்றவர், எல்லாவற்றிலும் பிதாவுக்கு அபரல்லக்தொஸ் என்று எழுத முயன்றார்களாம். எதிர்த்தரப்பார் ஒருவர் காதில் ஒருவர் முணுமுணுத்துக் கண்ஜாடை காட்டிக்கொண்டதை ஆயர்கள் பிடித்துவிட்டார்கள் என்று, பின்னாளில் அலெக்சாந்திரியாவின் ஆயரான அத்தனாசியுஸ் எழுதுகிறார். இதையும் நமக்கு ஏற்றபடி ஒப்புக்கொள்ளலாம் என்பது அந்த ஜாடையின் பொருள். அதற்குப் பிறகுதான் 'ஒரே சாரமுடையவர்' என்ற ஹோமோஊசியோஸ் விசுவாசப் பிரமாணத்தில் ஏறியது.

அபரல்லக்தொஸ் ஏன் போதவில்லை என்பது இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். நிகர் என்று சொல்ல இரண்டு வேண்டும். எவ்வளவுதான் ஒன்றுபோல் இருந்தாலும் இரட்டையர் இருவர்தான். 'ஒன்றுபோல்' என்பதை எவ்வளவு நெருக்கினாலும் 'ஒன்று' ஆகாது.

ஆனாலும் சொல் செத்துப்போகவில்லை. 341-இல் அந்தியோக்கியாவில் கூடிய ஆயர்கள், குமாரனைப் பிதாவின் அபரல்லக்தொஸ் ஆன சாயல் என்று தங்கள் பிரமாணத்தில் எழுதினார்கள். அத்தனாசியுஸே வேறோரிடத்தில் பேரரசரின் உருவப்படத்தை உதாரணம் காட்டுகிறார்: படத்தில் இருக்கும் ஒப்புமை அபரல்லக்தொஸ், படத்தைப் பார்ப்பவர் பேரரசரைப் பார்க்கிறார்.

விவிலியத்தில் உண்டா?

புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் இல்லை, உறவுக்காரச் சொல் இருக்கிறது. யாக்கோபு 1:17-இல் வரும் 'பரல்லகே'. தமிழ் வேதாகமத்தில் அந்த வசனம், 'அவரிடத்தில் யாதொரு மாறுதலும் யாதொரு வேற்றுமையின் நிழலுமில்லை' என்று இருக்கிறது. பரல்லகே அங்கே 'மாறுதல்' ஆகியிருக்கிறது. கடவுளை இன்னொருவரோடு ஒப்பிடாமல் அவரோடேயே ஒப்பிடுவதால் 'மாறுதல்' மிகச் சரி. அதே நிருபத்தின் 3:17-இல் அதியாக்ரிதொஸ் வருகிறது, தமிழில் 'பட்சபாதமில்லாதது'. பிரித்துத் தீர்ப்பிடும் கண் இல்லாதது என்பதிலிருந்து ஆள் பார்த்து நடத்தாதது என்ற பொருளுக்குச் சொல் நகர்ந்திருக்கிறது.

அதியாஃபொரொஸ் என்பதும் இதுதானா?

அண்டைவீடு. 'வேறுபடுத்தாத' என்று தொடங்கி, ஸ்டோயிக் அறவியலில் 'இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றே' என்ற பொருளுக்குப் போய்விட்டது. செல்வம், உடல்நலம், புகழ் எல்லாம் அவர்களுக்கு அதியாஃபொரா. அலெக்சாந்தரின் படையோடு இந்தியா வரை வந்து இங்கே ஆடை துறந்த ஞானிகளைச் சந்தித்ததாகச் சொல்லப்படும் பிர்ரோனுக்கும் இது பிடித்த சொல்: பொருள்கள் எல்லாமே அதியாஃபொரா, நிலையற்றவை, தீர்ப்பிட முடியாதவை. ஸ்டோயிக், 'எனக்கு இரண்டும் ஒன்றுதான்' என்கிறார். பிர்ரோன், 'உண்மையிலேயே இரண்டும் ஒன்றுதான்' என்கிறார்.

எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை என்ற ஸ்டோயிக் பதிலும், ஜெர்மானியத் தத்துவவாதி லைப்னிட்ஸ் சொன்னதும் ஒரே கருத்தா?

மிக நெருங்கியது. பிரித்தறியக்கூடிய வேறுபாடு ஏதும் இல்லாத இரண்டு தனிப்பொருள்கள் இயற்கையில் கிடையாது என்றார். 1716-இல் ஆங்கிலேயத் தத்துவவாதி கிளார்க்குக்கு எழுதிய கடிதத்தில் ஒரு நிகழ்ச்சி சொல்கிறார். ஹெரன்ஹௌசன் தோட்டத்தில் இளவரசி சோஃபியின் முன்னால் பேசிக்கொண்டிருந்தபோது, முற்றிலும் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு இலைகளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு கனவான் நினைத்தார். முடிந்தால் கொண்டுவாரும் என்றாள் இளவரசி. அவர் தோட்டமெல்லாம் நெடுநேரம் ஓடித் தேடினார். கிடைக்கவில்லை. செனெகா கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

வானியலில் வரும் பாரலாக்ஸ் இதிலிருந்து வந்ததா?

ஆம், 'அ' இல்லாத அதே வேர். பூமி இடம் மாறும்போது விண்மீன் விலகுவதுபோல் தோன்றுவது பாரலாக்ஸ். 1838-இல் ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸல் அன்ன விண்மீன் கூட்டத்தின் 61-ஆம் மீனுக்கு அதை அளந்து அறிவித்தார். அதற்கு முன் நூற்றாண்டுக் கணக்கில் விண்மீன்கள், பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தவரை, அபரல்லக்தொஸ் ஆகவே இருந்தன: விலகல் இருந்தது, பார்க்கும் கருவிக்கு எட்டவில்லை.

இன்றைய கிரேக்கர்கள் பயன்படுத்துகிறார்களா?

பேச்சில் தாராளமாக. 'க்' சற்றுத் தளர்ந்து காற்றொலியாகிவிட்டது. 'இதியொஸ் கி அபரல்லஹ்தொஸ்' என்பது அன்றாடத் தொடர். குழந்தை அப்பாவை உரித்து வைத்தாற்போல் இருந்தால் அப்படிச் சொல்வார்கள். 'இதியொஸ்' என்றால் 'அதே'. 'அதே', 'அதற்கு நிகர்' இரண்டையும் பிரித்துவைக்க முன்னோர்கள் இருநூறு ஆண்டு மல்லுக்கட்டினார்கள். பேரப்பிள்ளைகள் இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

நாமும் சளைத்தவர்கள் இல்லை. 'அச்சு அசல்' என்கிறோம். அச்சில் வார்த்தது நகல். அசல் என்பது அரபு வழியாக வந்த 'மூலம்'. நகலையும் மூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒன்றுதான் என்று சொல்லிவிடுகிறோம். ஆர்க்கெசிலாவோஸுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் வேறு உதாரணம் தேடியிருக்கமாட்டார்.

தமிழில் எந்தச் சொல்லைப் போடுவது?

காலத்தோடு ஒப்பிட்டால் 'மாறாத'. பொருள்களைப் பற்றியதானால் 'சற்றும் வேறுபடாத' என்பதே என் தேர்வு. கண் உள்ளே வராது. பதிவுகளைப் பற்றி அகாதெமிக்காரர் பேசும் இடத்தில் 'பிரித்தறிய இயலாத' பொருந்தும், அங்கே கண் இருந்தால் தவறில்லை. சாயல், உருவப்படம் போன்ற இடங்களில் 'அப்படியே உரித்துவைத்த' என்று எழுத ஆசையாக இருக்கும். திருச்சபை ஆவணத்தில் வேண்டாம். 'ஒரே' என்று மட்டும் எங்கேயும் போடாதீர்கள். நிக்கேயாவில் பட்ட பாடு வீணாகிவிடும்.

டெலோஸ் தீவில் முட்டையைப் பார்த்தே கோழியைச் சொன்னவர்கள் இருந்தார்களாமே?

சிசரோவின் உரையாடலில் ஸ்டோயிக் பக்கம் பேசும் லுக்குல்லுஸ் அப்படித்தான் சொல்கிறார். முட்டைக்கு முட்டை ஒன்றுபோல் என்பது பழமொழி. இருந்தாலும் டெலோஸ் நன்றாக இருந்த காலத்தில், அங்கே வியாபாரத்துக்காகக் கூட்டம் கூட்டமாகக் கோழி வளர்த்தவர்கள் இருந்தார்கள். ஒரு முட்டையை எடுத்துப் பார்த்ததும் எந்தக் கோழி இட்டது என்று சொல்லிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம் என்கிறார். பழகிய கண்ணுக்கு அபரல்லக்தொஸ் என்று ஒன்று இல்லை என்பது அவர் வாதம்.

அகாதெமியின் பக்கம் பேசும் சிசரோ அதை மறுக்க முனையவில்லை. ஒரே மோதிரத்தின் நூறு முத்திரைகளைத் திரும்ப நினைவூட்டிவிட்டு, இவற்றைப் பிரித்துச் சொல்ல இனி எங்கேயாவது போய் ஒரு மோதிரக்காரனைத் தேடிக்கொண்டு வரப்போகிறாயா, முட்டைக்கு அந்த டெலோஸ் கோழிக்காரனைக் கண்டுபிடித்தாயே என்று கேட்கிறார்.